நிற்காமல் ஓடிய படம்

குரு என்றதும் தாடியையும் காவியையும் தேட வேண்டாம். இந்தக் கதையின் குரு ஒரு பெண். சுகிர்தா என்று பெயர். முப்பதைத் தாண்டி ஓரிரு வயது இருக்கும். கோயம்புத்தூர் பீளமேட்டில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்த சின்ன மென்பொருள் கம்பெனியில் மூத்த பொறியாளர்.

தலை நரைத்தவர் சீடர்தான். பொன்னுரங்கம். உடுமலைப்பேட்டையில் நெடுங்காலம் கேபிள் டிவி நடத்தியவர். ஊர்க்காரர்கள் எல்லோரும் போனிலேயே படம் பார்க்கத் தொடங்கியதும் ஒயரைச் சுருட்டி வைத்தார். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகளின் பக்கத்தில் உட்கார்ந்து அவளோடு சேர்ந்தே கம்ப்யூட்டர் படித்தார். வயதுக்கும் படிப்புக்கும் சம்பந்தமில்லை என்று மேடையில் பேசுகிறவர்கள் நிறைய உண்டு. இவர் மேடை ஏறவில்லை, தேர்வு எழுதினார்.

அவர் சுகிர்தாவை அம்மணி என்பார். சுகிர்தா அவரை அண்ணா என்பார். பாடம் நடக்கும்போது யார் பெரியவர் என்பதில் இருவருக்கும் ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

அந்தச் சமயம் அவர்கள் கையில் இருந்தது ஒரு விடுதிப் பள்ளியின் வேலை. காது கேளாத பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளி. சனிக்கிழமைதோறும் ஒவ்வொரு பிள்ளையும் போன் கேமரா முன்னால் நின்று, சைகை மொழியில் வீட்டுக்குச் சேதி சொல்லும். பெற்றோர் தங்கள் ஊரில் இருந்தபடியே இணையப் பக்கத்தைத் திறந்து அதைப் பார்க்க வேண்டும். பெற்றோரில் பலருக்கும் காது கேட்காது. போனில் பேச முடியாத வீடுகளுக்கு வாரத்துக்கு ஒருமுறை வரும் பிள்ளையின் குரல் அதுதான்.

ஒருநாள் காலை பொன்னுரங்கம் குருவின் மேஜைக்கு வந்தார்.

"அம்மணி, வீடியோவை எந்த வழியில அனுப்பறதுங்க?"

"எத்தனை வழி பாத்து வெச்சிருக்கீங்க?"

"மூணுங்க. ஊரே பாக்கற வீடியோ சைட்டுல ஏத்திட்டு, அதைக் கொண்டாந்து நம்ம பக்கத்துல ஒட்டிக்கறது ஒண்ணு. நமக்கு வேலையே இல்லை."

"பசங்க மொகத்தை ஊருக்கெல்லாம் எதுக்குங்ணா காட்டிக்கிட்டு? அது வேண்டாம். அடுத்தது?"

"மொத்தப் படத்தையும் பாக்கறவங்க போன்ல எறக்கி முடிச்சுட்டு, அப்பறமா ஓட்டறது. படம் பளிச்சுனு இருக்கும். ஆனா எறங்கற வரைக்கும் சக்கரம் சுத்திக்கிட்டே கெடக்கும்."

"மூணாவது?"

"படத்தைத் துண்டு துண்டா வெட்டி அனுப்பறதுங்க. ஒவ்வொரு துண்டுலயும் நல்லது, நடுத்தரம், மட்டம்னு மூணு தரம் வெச்சுக்கலாம். நெட்டு நல்லா இருந்தா நல்லது போகும். இழுத்தா மட்டமானது போகும். ஆனா எந்த நேரத்துலயும் நிக்காது."

'நிக்காது' என்று சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதற்குக் காரணம் உண்டு. கேபிள் நடத்திய காலத்தில் அவர் பயந்தது ஒன்றுக்குத்தான். படம் நிற்கக் கூடாது. ஒருமுறை கிரிக்கெட் இறுதிப் போட்டி அன்று அவர் ஏரியாவில் படம் நின்றுபோய், தெருவே வாசலில் திரண்டுவிட்டது. அன்று கேட்ட வார்த்தைகளை அவர் மனைவி இன்றும் சமையலறையில் நினைவுகூர்வார், சிரிப்புடன் அல்ல. படம் மங்கலாகத் தெரிந்தது என்று அவரை யாரும் திட்டியதில்லை. மங்கல் என்றால் டிவியின் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மேற்கொண்டு பார்ப்பார்கள். நின்றால்தான் ஆள் தேடி வருவார்கள்.

"பாக்கறவங்க யாருங்ணா?" என்றார் சுகிர்தா.

"அப்பா அம்மாங்க. சோமனூர், பல்லடம், தூரத்துல வால்பாறை வரைக்கும் இருக்காங்க."

"அப்ப வால்பாறைக்கு ஒருக்காப் போயிட்டு வந்து சொல்லுங்க."

பொன்னுரங்கம் சொன்ன சொல் தட்டாதவர். போனில் ஒரு நகைச்சுவைப் படத்தைத் துண்டு துண்டாக வரும்படி ஏற்பாடு செய்துகொண்டு வால்பாறை பஸ் ஏறினார். ஆழியாறு தாண்டி வளைவுகள் தொடங்கியதும் அவருக்குத் தலை சுற்றியது. சமவெளியில் பிறந்த வயிறு அது. கண்ணை மூடி, ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்து, இயர்போனை மட்டும் காதில் மாட்டிக்கொண்டார். மேலே போய்ச் சேரும்வரை ஒரு வசனம்கூட அறுபடவில்லை. அந்த நிலையிலும் இரண்டு இடத்தில் சிரித்தார்.

மறுநாள் சுகிர்தா கேட்டார்.

"எப்படிங்ணா இருந்துச்சு?"

"கேக்கறதுக்கு அருமையா இருந்துச்சுங்க. எங்கயும் நிக்கலை."

"நான் இங்க ஆபீஸ்ல போட்டுப் பாத்தேன். பளிச்சுனு இருந்துச்சு. சரி, அதையே வெச்சுக்கலாம்."

ஆபீஸ் இணைப்பு கம்பெனிக்கென்று தனியாகப் போட்டது. அதில் எதைப் போட்டாலும் பளிச்சென்றுதான் இருக்கும்.

பள்ளியின் இணையப் பக்கம் திறந்து சில வாரங்கள் ஓடின. ஒரு செவ்வாய்க்கிழமை பொன்னுரங்கம் கீழே பேக்கரிக்குப் போய் சூடாகத் தேங்காய் பன் வாங்கிவந்தார். யார் எந்தப் படத்தைப் பார்த்தார்கள், எங்கே நின்றது என்று காட்டும் திரை அவருடைய மேஜையில் எப்போதும் திறந்திருக்கும். அதைக் குருவின் பக்கம் திருப்பிவைத்தார்.

"பாருங்க அம்மணி. வால்பாறைப் பக்கம் எஸ்டேட்டுல ஒரு அம்மா. பையன் அனுப்புன சின்னப் படத்தை, ஞாயித்துக்கெழமையில இருந்து திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்திருக்காங்க. அங்க மழை வேற. ஆனா ஒரு எடத்துலகூட நிக்கலை! பெத்த மனசு எப்படித் தவிக்குது பாருங்க."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தன் வேலை ஒரு தாயின் கையில் போய்ச் சேர்ந்துவிட்டது என்ற சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் பொய் ஒன்றுமில்லை.

சுகிர்தா பன்னை வாங்கினார். கடிக்கவில்லை.

"போன வாரப் படத்தை எத்தனை தடவை பாத்தாங்க?"

பொன்னுரங்கம் திரையில் தேடினார்.

"ஒருக்காதானுங்க."

"அதுக்கு முந்தின வாரம்?"

"அதுவும் ஒருக்காதான்."

"அப்பல்லாம் எந்தத் தரம் போச்சு?"

"அப்ப மழை இல்லீங்க. நல்ல துண்டுதான் போயிருக்குது. இந்த வாரம் முச்சூடும் மட்டமான துண்டு."

"போன வாரம் அந்தம்மாவுக்குப் பையன் மேல பாசம் கம்மியா இருந்துச்சாங்ணா?"

பொன்னுரங்கம் திரையை மறுபடி மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

"அவங்களுக்கு என்ன போச்சோ, அதையே போட்டுக் காட்டுங்க."

போட்டார். ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். பையன் என்பதுவரை சொல்லலாம். முகம் இருந்த இடத்தில் பழுப்பாக ஒரு வட்டம். கை இரண்டும் பிசைந்து வைத்த மாவாக மேலும் கீழும் போயின. விரல் என்று ஒன்றும் இல்லை. ஒரு கை வாய்க்குப் போனது, எதையோ பிடுங்கியது போல வெளியே வந்தது, தலைக்கு மேலே போனது. அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. சத்தம் மட்டும் சுத்தமாக இருந்தது. விடுதியின் மின்விசிறி ஓடியது. யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

படம் முடிந்தது.

"ஆனா நிக்கலீங்களே அம்மணி," என்றார் பொன்னுரங்கம். குரலில் பழைய உறுதி இல்லை. ஆனாலும் சொன்னார்.

சுகிர்தா மேஜையில் இருந்த பாட்டிலைத் திறந்தார். வாய் நிறையத் தண்ணீரை நிரப்பிக்கொண்டார். கன்னம் இரண்டும் உப்ப, அவரைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். கையை ஆட்டி, தலையை அசைத்து, மூச்சுவிடாமல் பேசினார். முகவாயில் தண்ணீர் வழிந்தது. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன சொல்றீங்க? ஒரு எழவும் புரியலீங்க!"

சுகிர்தா பேசிக்கொண்டே இருந்தார்.

"அம்மணி, முழுங்கிட்டுச் சொல்லுங்க! நான் இருக்கறேன், எங்கயும் போகல!"

சுகிர்தா விழுங்கினார். துப்பட்டாவால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நிக்காமத்தானுங்ணா பேசுனேன்."

பொன்னுரங்கம் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பஸ்ஸுல எனக்குத் தலை சுத்துச்சுங்க," என்றார் மெதுவாக. "கண்ணை மூடிட்டேன். காதுல மாட்டிக்கிட்டு கேட்டுக்கிட்டேதான் போனேன். திரையைப் பாக்கவே இல்லீங்க. காது கேக்காதவங்க பாக்கற படத்தை, நான் காதால சோதிச்சிருக்கறேன்."

அவமானத்தில் அவர் காது மடல் சிவந்திருந்தது.

"வந்து நின்னு 'கேக்கறதுக்கு அருமையா இருந்துச்சு'ன்னுதான் சொன்னீங்க. ஒளிக்கல. அந்த வார்த்தை எனக்கும் ஒறைக்கலையேங்ணா," என்றார் சுகிர்தா. "ஆபீஸ்ல உக்காந்து பளிச்சுனு இருக்குதுன்னு சொன்னவ நான்."

அப்போது போன் அடித்தது. விடுதியைப் பார்த்துக்கொள்ளும் பிலோமினா சிஸ்டர்.

"மேடம், கொஞ்சம் வர முடியுமா? வால்பாறையில இருந்து ஒரு அம்மா வந்து நிக்குறாங்க. ஞானசெல்வின்னு பேரு. பையன் ஜெபினைக் கூட்டிட்டுப் போறேன், இனிமே ஹாஸ்டலே வேண்டாம்னு ஒத்தக்கால்ல நிக்குறாங்க. உங்க வீடியோவுல எதையோ பாத்துட்டாங்களாம்."

பன் மேஜையிலேயே ஆறிக்கிடந்தது. சுகிர்தா ஸ்கூட்டரை ஓட்ட, பொன்னுரங்கம் பின்னால் உட்கார்ந்து போனார்.

பள்ளி அலுவலக அறையில் ஒரு பெஞ்சின் நுனியில் ஞானசெல்வி உட்கார்ந்திருந்தார். சேலை முந்தானை இன்னும் நனைந்திருந்தது. காலடியில் மடித்து வைத்த காலிப் பை ஒன்று. பையனின் துணிமணிகளை எடுத்துப்போகக் கொண்டுவந்தது. ஜெபின் மைதானத்தில் மற்றப் பிள்ளைகளோடு இருந்தான். அவனை அழைத்துவர ஆள் போயிருந்தது.

ஞானசெல்வியின் கைகள் வேகமாகப் பேசின. பிலோமினா அதைச் சொல்லாக்கினார்.

"நானும் இதே ஸ்கூல்ல படிச்சவதான், எனக்குப் பேசக் கத்துக்குடுத்ததே இந்த ஸ்கூல்தான், அதை நம்பித்தான் புள்ளைய விட்டேன்னு சொல்றாங்க. ஆனா அவனை யாரோ வாயில அடிச்சிருக்காங்களாம். அதைத்தான் படத்துல சொல்றானாம். வாயைக் காட்டுறான், எதையோ பிடுங்குறான், அப்புறம் கையை ஓங்குறான்னு சொல்றாங்க."

"நீங்க அந்தப் படத்தைப் பாக்கலீங்களா சிஸ்டர்?" என்றார் சுகிர்தா.

"பெரிய பசங்கதான் மேடம் எடுத்து ஏத்துவாங்க. இவங்க போன்ல இப்பத்தான் பாத்தேன். எனக்கும் ஒண்ணும் தெரியல. யாரும் அடிக்கலைன்னு சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. எப்படி நம்புவாங்க? நான் ஸ்கூல் ஆளு."

ஞானசெல்வி பொன்னுரங்கத்தைப் பார்த்தார். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். இரண்டு நாளாக ஒரே படத்தைப் பார்த்துப் பார்த்துக் கண்ணே களைத்துப்போயிருந்தது. தன் பிள்ளை தனக்குச் சொன்ன ஒன்று தனக்கு விளங்கவில்லை என்பதை அவர் யாரிடம் போய்ச் சொல்வார்?

"சிஸ்டர், பசங்க ஏத்துன அசல் ஃபைலு எங்ககிட்ட அப்படியே இருக்குதுங்க," என்றார் பொன்னுரங்கம். "அதை எறக்கறேன். மொத்தமா எறங்கட்டும்."

போனை எடுத்தார். அந்தத் தடித்த சுவர்களுக்குள் இணைப்பு நொண்டியது. திரையில் சக்கரம் சுற்றத் தொடங்கியது.

ஞானசெல்வி எழுந்து வந்து அவர் பக்கத்தில் நின்றார். சக்கரம் சுற்றியது. பொன்னுரங்கத்துக்கு வியர்த்தது. வாசலில் தெருவே திரண்டு நின்ற அந்தக் கிரிக்கெட் நாள் மறுபடி கண்முன் வந்தது. "இப்ப வந்துருமுங்க, இப்ப வந்துரும்," என்று கேட்காத காதுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். சக்கரம் சுற்றியது. அவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தபோது ஞானசெல்வி அவரைப் பார்க்கவே இல்லை. திரையில் இருந்து கண்ணை எடுக்காமல், கை இரண்டையும் கோர்த்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

படம் வந்தது.

ஜெபின் நின்றிருந்தான். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. பத்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன. அவன் வாயைத் திறந்து காட்டினான். முன்னால் ஒரு பல் இல்லை. முகமெல்லாம் சிரிப்பு.

ஞானசெல்வியின் கோர்த்த கை அவிழ்ந்தது.

பையனின் விரல்களைப் பார்த்தபடியே பிலோமினா சொல்லிக்கொண்டு வந்தார்.

"அம்மா, பல்லு விழுந்துருச்சு. நானே பிடுங்குனேன். அழுகலை. நம்ம வீட்டுல கூரை மேல எறிவோமே, இங்க ஓட்டுக் கூரையே இல்லை. எல்லாம் மொட்டை மாடி. அங்க எறிஞ்சா பல்லு மொளைக்குமான்னு யாருக்கும் தெரியல. அதனால பத்திரமா வெச்சிருக்கேன். நீ வந்து எடுத்துட்டுப் போயி நம்ம கூரை மேல எறி."

ஞானசெல்வியிடம் இருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பும் அழுகையும் கலந்த, அவருக்கே கேட்காத சத்தம். பெஞ்சில் போய் உட்கார்ந்து முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டார். பொன்னுரங்கம் மேஜையில் இருந்த காலண்டரைப் படிப்பது போலத் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

ஜெபின் ஓடிவந்தான். அம்மாவைக் கண்டதும் வாசலிலேயே நின்று, வாயைத் திறந்து ஓட்டையைக் காட்டினான். பிறகு அம்மாவின் மடியில் வந்து விழுந்தான். கால்சட்டைப் பையில் இருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தான். பெரிய ஆள் போலக் கொடுத்தான். அடுத்த நிமிடம் மைதானத்தைக் காட்டி ஏதோ கேட்டான். விளையாட்டு பாதியில் நிற்கிறதாம். அம்மா அவன் பொத்தானைச் சரியாக மாற்றிப் போட்டு அனுப்பிவைத்தார்.

பிலோமினா மெல்லக் கேட்டார், கையாலும் வாயாலும்.

"கூட்டிட்டுப் போறீங்களா?"

ஞானசெல்வி இல்லையென்று தலையசைத்தார். காலிப் பையைத் திறந்து, அந்தப் பொட்டலத்தை மட்டும் உள்ளே போட்டுக்கொண்டார். பிறகு சுகிர்தாவையும் பொன்னுரங்கத்தையும் பார்த்து, சுருக்கமாக ஏதோ சொன்னார்.

"அடுத்த சனிக்கிழமை அவன் விரல் எனக்குத் தெரியுமான்னு கேக்குறாங்க," என்றார் பிலோமினா.

"தெரியுமுங்க," என்றார் பொன்னுரங்கம். "கட்டாயம் தெரியும்."

அவர் குருவைத் தனியே அழைத்தார்.

"அப்ப துண்டு வெட்டற வழியவே தூக்கிப் போட்டறலாமுங்களா அம்மணி?"

"எதுக்கு? ஆண்டு விழா டான்ஸ் படம் போடுவாங்கல்ல, அதுக்கு அது இருந்துட்டுப் போகட்டும்."

"பசங்க பேசற படம்?"

"நீங்க இப்ப ஒரு வழியில காட்டுனீங்களே."

"மொத்தமா எறக்கி ஓட்டறதா? இங்கயே அவ்வளவு நேரம் ஆச்சுங்க. அங்க மழை நாள்ல இன்னும் எத்தனையோ நேரம் சக்கரம் சுத்துமே. பாக்கறவங்க பொறுமை விட்டுப்போயி மூடிட்டுப் போயிருவாங்க. நான் கேபிள்காரன், எனக்குத் தெரியுமுங்க."

பொன்னுரங்கத்துக்கு மனசு ஆறவில்லை. திரும்பப் பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்தார். சுகிர்தாவும் கூடவே வந்தார்.

"சிஸ்டர், அவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. படம் தெளிவா வரும். ஆனா லேட்டாகும். அது வரைக்கும் காத்துக்கிட்டு இருப்பாங்களான்னு கேளுங்க."

பிலோமினா கையைத் தூக்கினார். சுகிர்தா அந்தக் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினார்.

"வேண்டாங்க சிஸ்டர்," என்றார். பிறகு சீடரிடம் திரும்பினார். "மழையில மலையெறங்கி வந்திருக்காங்கண்ணா. அவங்களப் போயி காத்திருப்பீங்களான்னா கேப்பீங்க?"